தனிச்சிறையில் கடிபட்ட மீசை

சீசாவில் இருந்தது அசல் செரட்டோனின்தான் என்று ரசாயனப் பிரிவிலிருந்து தாள் வந்தபோது மணி பன்னிரண்டு. அதைப் படித்ததும் ரேடியோவின் முகத்தில் அசடு வழிந்தது.

வழியாமல் என்ன செய்யும்? காலையிலிருந்து மூன்று பேரிடம் கேஸ் முடிந்துவிட்டதாகச் சொல்லியிருந்தான். அதில் ஒருவர் லிஃப்ட் இயக்குபவர். அவருக்குக் கேஸ் தொடங்கியதே தெரியாது. ஆராய்ச்சிக்கூடத்தில் எதிர் மேஜையில் உட்காரும் ஆள் பொறாமையில் மருந்தை மாற்றிவிட்டான், மாலைக்குள் மாட்டிக்கொள்வான் என்பதுதான் ரேடியோ ஒலிபரப்பிய செய்தி. எந்நேரமும் ஒலிபரப்பில் இருப்பதால் வந்த பெயர் அது. அப்பா வைத்த பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டபோது, மாப்பிள்ளை யார் என்று சொந்தக்காரர்களே போன் செய்து விசாரித்தார்கள்.

"அப்ப எதிர்மேஜைக்காரன் நிரபராதியா அண்ணி?" என்றான், கைக்கு வந்த பரிசு பறிபோனவனைப் போல.

"நீ வாயைத் தெறக்கற வரைக்கும் நிரபராதிதான் தம்பி. நடுவுல நாலு மணி நேரம் நீதான் அவரைக் குற்றவாளியா வெச்சிருந்தே."

அண்ணி என்றால் நிஜமாகவே அண்ணி. ரேடியோவின் அண்ணன் மனைவி. இருபத்திரண்டு வருஷம் பரீட்சைக் கூடங்களில் திடீரென்று நுழைந்து காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். சட்டைக் கையில், கால்குலேட்டர் மூடியில், வாட்டர் பாட்டில் லேபிளின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் பார்த்துவிட்ட பிறகு, வேலையை விட்டுவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அண்ணன் வீட்டில் எதையும் ஒளித்து வைப்பதில்லை. பயனில்லை என்று எப்போதோ புரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

இருவருக்கும் நடுவில், ஆராய்ச்சிக்கூடத்து வராந்தா பெஞ்சில், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஊசி. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசிகளை நரம்புக்குள் செருகும் வேலை அவளுடையது. அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஊசி.

"மருந்து சரின்னா நான் பொய்னு ஆகுது மேடம்," என்றாள். குரல் உடைந்தது. "நாலு மணிக்குக் கூட்டம். மூணு வருஷ வேலையை அடிச்சுட்டு என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

அழுகையை அவள் மறைக்கவில்லை. ரேடியோவுக்கு முதல்முறையாகக் காலையில் அடித்த ஜோக்குகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எல்லாவற்றையும் இல்லை, பாதியை.

"அழுதுட்டே சொல்லு, பரவாயில்ல. ஆனா முதல்லேர்ந்து சொல்லு," என்றாள் அண்ணி. "எனக்குப் புரியணும். இவனுக்கும் புரியற மாதிரி இருந்தா இன்னும் நல்லது."

ஊசி எழுந்து தன் மேஜைக்கு அழைத்துப் போனாள். எதிர் மேஜையில் ஒரு மனிதர் ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு, ரேடியோவைப் பார்த்து நட்போடு தலையசைத்தார். ரேடியோ கூரை மின்விசிறியை ஆராய்ந்தான்.

ஊசியின் ஆராய்ச்சி கொடுக்கனைப் பற்றியது. இறாலுக்கும் நண்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்ததைப் போல, இறால் உடம்பும் முன்னால் இரண்டு கொடுக்குமாக நல்ல தண்ணீரில் வாழும் ஒரு ஜீவன். அதன் வாலைத் தட்டினால் ஒரு நரம்பு துடிக்கும். துடிப்பு பலமாக இருந்தால் வாலை மடக்கி ஒரே எகிறலில் தப்பித்துவிடும். அந்த நரம்பைத் தனியே எடுத்து ஒரு தட்டில் வைத்து, அதே அளவு தட்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், துடிப்பு திரையில் கோடாக எழும்பும், ஒலிபெருக்கியில் 'டொக்' என்று கேட்கும்.

"எதுக்குங்க இந்தப் பூச்சி புழு எல்லாம்? மனுஷன் மூளையைப் பாக்கக் கூடாதா?" என்றான் ரேடியோ.

"மனுஷன் மூளையில கோடிக்கணக்கான நரம்பு. யார் யார்னு தெரியாது. இதுல கொஞ்சம்தான். பெருசு பெருசா இருக்கும். நேத்து பாத்த அதே நரம்பை இன்னிக்கு இன்னொரு கொடுக்கன்லயும் தேடிக் கண்டுபிடிச்சுடலாம்."

"புரியுது. மாநகரம் வேண்டாம், எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சு வெச்சிருக்கற தெரு போதும்."

"அதேதான். செரட்டோனின்ங்கறது நரம்புகளுக்குச் சேதி கொண்டு போற ரசாயனம். அதை ஊத்தினா என்ன ஆகும்னு சொல்றேன். நரம்போட வெளித்தோல்ல ஏற்பின்னு ஒண்ணு இருக்கும், ரிசப்டர்னு சொல்வோமே, அது. செரட்டோனின் அது மேல வந்து உக்காரும். உள்ளயே போகாது."

"வாசலோட சரியா?"

"வாசல்ல காலிங் பெல் அடிக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. பெல் சத்தம் கேட்டு உள்ள இருக்கற ஆள் எழுந்திருப்பான். ஒரு வகை ஏற்பிக்குப் பின்னாடி இருக்கறவன் 'ஏத்து'ன்னு சொல்வான், நரம்பு துடிப்பு கூடும். இன்னொரு வகைக்குப் பின்னாடி இருக்கறவன் 'எறக்கு'ம்பான், துடிப்பு அடங்கும். செரட்டோனின் மாதிரி அமைன்னு சொல்ற சின்னச் சின்ன ரசாயனம் எல்லாம் இப்படித்தான். பெப்டைடுன்னு நீளச் சங்கிலி மாதிரி இருக்கே, அதுலயும் பெரும்பாலும் இந்தக் கதைதான்."

அண்ணி குறுக்கே வந்தாள். "பெல் அடிக்கறது ஒரே ஆள். பதில் மட்டும் வீட்டுக்கு வீடு வேற."

"ஆமா மேடம். எந்த வகை ஏற்பி எவ்வளவு இருக்கோ அதைப் பொறுத்து."

"உன் கொடுக்கனுக்கு என்ன பதில் வரணும்?"

"ஏறணும். தனியா வளர்ந்த கொடுக்கனுக்கு எப்பவும் ஏறும். அந்த ஏற்பியை அடைக்கற வேற ஒரு மருந்தைத்தான் நான் கண்டுபிடிச்சிருக்கேன். முதல்ல ஏறினாத்தானே அடைச்சுக் காட்ட முடியும்? மூணு நாள் முன்னாடி, என் ஆய்வை மதிப்பிட வந்த ரெண்டு பரிசோதகர்கள், துறைத்தலைவர், எல்லார் முன்னாடியும் செரட்டோனினை ஊத்தினேன். டொக், டொக்னு இருந்தது அப்படியே எறங்கி எறங்கி அடங்கிப் போச்சு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தலைவர் சிரிச்சார். 'மூணு வருஷமா நீ வரைஞ்ச கோடெல்லாம் பென்சில்ல வரைஞ்சதா'ன்னு கேட்டார்."

"அடங்கறதுங்கறது எந்தக் கொடுக்கனுக்காவது நடக்குமா?"

"நடக்கும். சண்டையில தோத்து, இன்னொருத்தனுக்கு அடங்கி வாழ்ற கொடுக்கனுக்கு நடக்கும். அதுக்கு ரெண்டு வாரமாவது கூட இருக்கணும். ஏற்பிகளோட கலவையே மாறிடுதுன்னு நினைக்கறோம். ஆனா என்னோட எட்டும் பிறந்ததுலேர்ந்து தனித்தனித் தொட்டி மேடம். மூணு மாசமா இன்னொரு கொடுக்கன் மூஞ்சியைப் பாத்ததே இல்ல. நான்தான் தொட்டிக்குத் தொட்டி நடுவுல காகிதம் ஒட்டி மறைச்சு வெச்சேன்."

"கடைசி மூணு மாசமும் நீ இங்கயே இருந்தியா?"

"கடைசி மூணு வாரம் மட்டும் வீட்டுல. 'உக்காந்து ஆய்வறிக்கையை எழுதி முடி, கூடத்துப் பக்கமே வராதே'ன்னு தலைவர் சொன்னார். பரிசோதனை அன்னிக்குக் காலையிலதான் வந்தேன். நேரா மேஜைக்கு வந்துட்டேன், தொட்டிக்காரர் ஒண்ணை எடுத்துட்டு வந்து கொடுத்தார்."

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டினாள். "வா, மிச்சம் ஏழு பேரையும் பாத்துட்டு வரலாம்."

தொட்டி அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. பாசி வாடை, பம்புகளின் குறட்டை, நீண்ட இரும்பு அலமாரியில் வரிசையாக எட்டுக் கண்ணாடித் தொட்டிகள். ஏழில் ஒவ்வொரு கொடுக்கன். எட்டாவது காலி. கீழே தரையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதுவும் காலி. சுவரில் சட்டம் போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று எழுத்துக்கு எழுத்து அதட்டியது: 'தனித்தொட்டி விலங்குகளை எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை. துறைத்தலைவர்.' கையெழுத்து அறிவிப்பைவிடப் பெரியதாக இருந்தது.

தொட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் தொட்டிக்காரர் கையில் வலையோடு நின்றார். ஐம்பது வயது, நல்ல உயரம். ஆனால் ஆள் வந்ததும் அந்த உயரத்தில் பாதியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இவங்க என் கேஸைப் பாக்க வந்திருக்காங்க," என்றாள் ஊசி.

"எனக்கு எதுவும் தெரியாதும்மா."

"இன்னும் ஒண்ணுமே கேக்கலையே," என்றான் ரேடியோ.

"கேட்டாலும் தெரியாதுங்க."

அண்ணி அவரை விட்டுவிட்டுத் தொட்டிகளிடம் போனாள். பரீட்சைக் கூடத்தில் வரிசைகளுக்கு நடுவில் நடப்பதைப் போல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியின் முன்பும் ஒரு நிமிஷம். மூன்றாவது தொட்டியில் நின்றாள்.

"இவனுக்கு ஒரு பக்க மீசை எங்கே?"

கொடுக்கனுக்குத் தலையில் நீளமாக இரண்டு உணர்கொம்புகள் உண்டு. மீசை என்றால் அதுவும் கோபித்துக்கொள்ளாது. மூன்றாம் தொட்டிக் கொடுக்கனுக்கு இடது மீசை பாதியில் நின்றது.

ஊசி குனிந்து பார்த்தாள். "தோல் உரிக்கும்போது ஒடிஞ்சிருக்கலாம்."

"அஞ்சாவதுக்கும் ஒடிஞ்சிருக்கு. ஆறாவதுக்குக் கொடுக்குல ஒரு துண்டு பேந்திருக்கு. ஏழாவதுக்குக் கடைசிக் காலே இல்ல. எல்லாரும் ஒரே வாரத்துல ஜாலியாத் தோல் உரிச்சாங்களா?"

ஊசி ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

"பிரமாதம் அண்ணி!" ரேடியோவுக்கு உயிர் திரும்பிவிட்டது. "தனிச்சிறைக் கைதி. கூட ஆள் கிடையாது. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. விடிஞ்சு பாத்தா மீசையைக் கடிச்சு வெச்சிருக்கு. இந்த மாதிரி பூட்டின அறைக் கேஸு நமக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல. அதுவும் தண்ணிக்குள்ள!"

"சந்தேகப்படறதுல எதிர்மேஜைக்காரர் உண்டா?"

"அவருக்கு அவ்வளவு சின்ன வாய் இல்ல அண்ணி."

அண்ணி கைப்பையிலிருந்து கையகல முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து முதல் தொட்டியின் முன்பக்கத்தில் சாய்த்தாள். உள்ளே இருந்தவன் எதிரில் இன்னொரு கொடுக்கனைக் கண்டதும் மெல்ல மெல்லப் பின்னால் நடந்து, படுத்துக்கொள்ளப் போட்டிருந்த குழாய்த் துண்டுக்குள் நுழைந்துகொண்டான். இரண்டாவதும் அப்படியே. பாதி மீசைக்காரன் கண்ணாடியை வைக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

நான்காவது தொட்டிக் கொடுக்கன் வேறு ரகம். கண்ணாடியைப் பார்த்ததும் கால்களில் எம்பி நின்றான், இரண்டு கொடுக்குகளையும் விரித்துத் தூக்கினான், நேராக வந்து மோதினான். மீசை இரண்டும் முழுசாக இருந்தன. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"ஓகோ, மேனேஜர் இங்க இருக்காரா," என்றான் ரேடியோ. "மத்தவங்க எல்லாம் ஸ்டாஃப்."

அதைக் கேட்டு ஊசி சிரிக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இதுங்க தனியா இருக்கல. இதுங்க ஒண்ணா இருந்திருக்கு. சண்டை போட்டிருக்கு. அன்னிக்கு என் தட்டுல வந்தது அடங்கிப் போனவன்." அவள் தொட்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே?"

தொட்டிக்காரர் வலையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியாதும்மா," என்றார். இந்த முறை அவருக்கே கேட்கவில்லை.

"இவர்தான்! முழிக்கற முழியைப் பாருங்க!" ரேடியோ அடுத்த ஒலிபரப்புக்குத் தயாரானான்.

"தம்பி, காலையில ஒருத்தரைப் பிடிச்சே, அவர் ரொட்டி சாப்பிட்டுட்டு இருக்கார். கொஞ்சம் பொறு." அண்ணி காலித் தொட்டிக்குள் கைவிட்டு, மூலையில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் பெயர்த்தாள். உள்ளங்கையில் பளபளவென்று நீலக் கல் ஒன்று, பட்டாணி அளவு. மற்ற தொட்டிகளின் அடியில் வெறும் கண்ணாடிதான். கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டவள், தொட்டிக்காரரிடம் கேள்வியே கேட்கவில்லை. ஊசியிடம் திரும்பினாள். "நாலு மணிக்குள்ள ரெண்டு நரம்பைத் தயார் பண்ண முடியுமா? ஒண்ணு மேனேஜரோடது, ஒண்ணு மீசை போனவனோடது."

"முடியும்."

"கூட்டத்தைத் தலைவர் ரூம்ல வேண்டாம், உன் மேஜையில வெக்கச் சொல்லு. தொட்டிக்காரரும் வரணும்."

திரும்பும் வழியில் வராந்தாவின் புகைப்படப் பலகை முன்னால் அண்ணி நின்றாள். ரேடியோ அவளுக்காகக் காத்திருந்தான், படங்களைப் பார்க்கவில்லை. எல்லாப் படத்திலும் துறைத்தலைவர்தான் இருந்தார். ஒன்றைப் பார்த்தால் போதும் என்று அவனுக்குத் தோன்றியது. அண்ணிக்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது போலும். சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். அவள் அப்படிச் சிரித்தால் பரீட்சைக் கூடத்தில் யாரோ ஒருவனுக்குச் சட்டைக்கை நனைந்துவிடும்.

நான்கு மணிக்குத் துறைத்தலைவர் வந்தார். வந்தார் என்பது சரியில்லை. முதலில் வாசனைத் திரவியம் வந்தது, பிறகு டை வந்தது, அதற்குப் பிறகுதான் அவர். கூடவே இரண்டு பரிசோதகர்கள்: வெளியிலிருந்து வந்திருந்த, காதுக்கு மேல் நரை ஓடிய ஓர் அம்மாள், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்கும் ஒரு மனிதர். தொட்டிக்காரர் சுவரோரம் போய்ச் சுவரோடு சுவராக நின்றார்.

"துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கியா?" தலைவர் ஊசியைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். "ஆராய்ச்சி வராதவங்களுக்கு ஆள் சேர்க்கவாவது வருதே."

ஊசி தன் கண்ணாடி ஊசியைக் கையில் எடுத்தாள். அதைப் பிடித்ததும் வராந்தாவில் அழுதவள் வேறு யாரோ என்று ஆகிவிட்டது. அதைக் கவனித்த ரேடியோ மிச்சம் பாதி ஜோக்குகளையும் திரும்ப வாங்கிக்கொண்டான்.

முதல் தட்டில் மீசை போனவனின் நரம்பு. டொக். டொக். டொக். ஊசி செரட்டோனினை விட்டாள். டொக். பிறகு இன்னும் சன்னமாக ஒரு டொக். திரையில் கோடு தரை தட்டியது.

"பாத்தீங்களா? மறுபடியும்!" தலைவர் கைகளை விரித்தார். "இனிமே என்ன விசாரணை? கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்."

கடிகாரக்காரர் பேனாவைத் திறந்தார்.

"இன்னொரு தட்டு இருக்கு," என்றாள் ஊசி.

அதே சீசா. அதே அளவு. அதே தட்டல். டொக். டொக். பிறகு டொக்கென்றால் டொக், மேஜையில் வைத்திருந்த கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. கோடு திரையின் உச்சிக்கு ஏறியது. நரை அம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஒரே சீசாவா?"

"ஒரே சீசாதான் மேடம். முதல் நரம்பு அடங்கி வாழ்ந்தவனோடது. ரெண்டாவது, அடக்கி வெச்சவனோடது. செரட்டோனின் ஒண்ணுதான். அதை வாங்கிக்கற இடம்தான் வேற. இதுங்களை யாரோ ரெண்டு வாரத்துக்கு மேல ஒண்ணாப் போட்டிருக்காங்க."

"நடக்கவே நடக்காது!" தலைவரின் குரல் ஒலிபெருக்கியை ஜெயித்தது. "என் துறையில தனித்தொட்டின்னா தனித்தொட்டி. சுவத்துல என் கையெழுத்தோட போர்டு தொங்குது. அந்த விதியை எழுதினவனே நான்."

கேஸ் மறுபடி முட்டுச் சந்தில் நின்றது. ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அண்ணியோ, கூட்டத்துக்கே சம்பந்தமில்லாதவளைப் போல, ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பலகையில ஒரு படம் பாத்தேன் சார்," என்றாள். "போன மாசம் வெளியாட்கள் வந்தப்போ எடுத்ததாம். வரிசையா கண்ணாடித் தொட்டி, உள்ள கலர் மீன், அடியில நீலக் கல். என்ன அழகு! இவ்வளவு ரசனையா யார் அமைச்சாங்கன்னு கேட்டேன். தொட்டிக்காரர் யோசனையாமே? மனுஷனைப் பாராட்டணும் சார்."

தொட்டிக்காரர் பாராட்டைக் கேட்டு, அடி வாங்கியவரைப் போல இன்னும் குறுகினார். அதே பாராட்டு தலைவரிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு சாண் வளர்ந்தார். அடுத்தவனுக்குப் போய்விட்டதே என்ற ஆத்திரத்தில் டை கூட நிமிர்ந்துகொண்டது.

"இவன் யோசனையா? இவனுக்கு யோசனை வேறயா! அது முழுக்க என்னோட ஐடியா. விருந்தாளிங்க வர்றாங்க, வாசல்ல ஒண்ணும் இல்லாம மொட்டையா இருக்கேன்னு பாத்தேன். எட்டுத் தொட்டியையும் ஒரே காலையில காலி பண்ண வெச்சேன். பதினெட்டு நாள் அப்படியே வெச்சிருந்தோம், வந்தவங்க வாய்விட்டுப் பாராட்டினாங்க. நான் சொன்னா இங்க..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அறையில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தார். அண்ணி கைப்பையிலிருந்து நீலக் கல்லை எடுத்து, ஒலிபெருக்கியின் தலையில் வைத்தாள்.

"எட்டுத் தொட்டியிலயும் இருந்த கொடுக்கனுங்க அந்தப் பதினெட்டு நாளும் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் நரை அம்மாள், ரொம்பவும் மரியாதையாக.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... கீழ ஒரு பெரிய தொட்டி இருக்கு. தற்காலிகமா..." சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினார். "இவன்தான் தூக்கிப் போட்டான்! விதி தெரிஞ்சவன்தானே? ஏன்டா அப்பவே என்கிட்ட சொல்லல?"

எல்லாத் தலைகளும் தொட்டிக்காரரிடம் திரும்பின. அவர் வலையைக் கொண்டுவந்திருக்கவில்லை. திருகுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. தரையைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். பிறகு மடித்து வைத்திருந்த பாதி உயரத்தையும் மெல்ல வெளியே எடுத்தார். நிமிர்ந்தால் அவர் தலைவரைவிட ஒரு தலை உயரம் என்பது அன்றுதான் அந்தக் கூடத்துக்கே தெரிந்தது.

"சொன்னேன் சார். போர்டைக் காட்டிச் சொன்னேன். 'அந்தப் போர்டை எழுதினது யாரு'ன்னு கேட்டீங்க. 'நீங்க'ன்னேன். 'அப்ப வாயை மூடிட்டு வேலையைப் பாரு'ன்னீங்க."

எதிர் மேஜைக்காரர் ரொட்டி விக்கி இருமினார். மதியம் ஆரம்பித்த ரொட்டி.

"பரிசோதனைக்கு முந்தின நாள் திருப்பித் தனித்தனியாப் போடச் சொன்னீங்க. போட்டுட்டா சரியாப் போயிடும்னு நானும் நெனச்சேன்." தொட்டிக்காரர் ஊசியிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "மூணு நாளா உன் மூஞ்சியைப் பாக்க முடியலம்மா. சொன்னா வேலை போயிடும்னு பயந்துட்டேன். தப்புதான்."

ஊசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நரை அம்மாள் தலைவரின் முன்னால் இருந்த தாளை இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். அது பென்சில் இல்லை. "இந்தப் பொண்ணோட கோடெல்லாம் சரி. அடைக்கற மருந்தை நாளைக்குக் காட்டட்டும், அந்த ரெண்டாவது நரம்புல. விதியைப் பத்தின விசாரணையை நாங்க தனியா வெச்சுக்கறோம். சார், அதுக்கு நீங்க வரணும். தலைவராயில்ல." கடிகாரக்காரர் அன்று முதல்முறையாகக் கடிகாரத்தை மறந்திருந்தார்.

ரேடியோ எதிர் மேஜைக்குப் போய், காலையில் நடந்த ஒலிபரப்புக்கு மன்னிப்புக் கேட்டான். அந்த மனிதருக்கு விஷயமே தெரியாது. இப்போது தெரிந்துகொண்டு, தலையசைப்பை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகங்க," என்று திரும்பி வந்து ஊசியிடம் கேட்டான். "அடங்கிப் போனவனுங்க இனிமே அப்படியேதானா? மறுபடி நிமிரவே மாட்டாங்களா?"

"நிமிர்வாங்க. தோத்தவனைக் கொண்டுபோய் ஜெயிக்கற இடத்துல விட்டா ரெண்டு வாரம் போதும், நரம்பு மாறிடும்." ஊசி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. "மேனேஜரா இருந்தவன் கதைதான் கஷ்டம். பதவி போனாலும் நரம்பு சீக்கிரம் ஒத்துக்காது. அது எறங்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும்."

அண்ணி அந்தக் கையகலக் கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர், யாரையும் பார்க்காமல், வாசலை நோக்கி அவளைக் கடந்து போனார். கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்ததும் அவர் கால்கள் தாமாக நின்றன. மார்பை நிமிர்த்தினார். டையைச் சரிசெய்துகொண்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்ததைப் போல வேகமாக வெளியே போனார்.

ரேடியோ சுவரில் இருந்த காலண்டரிடம் போய், ஊசியின் பேனாவால் அன்றைய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

"நாள் ஒண்ணு," என்றான்.